வியாழனில் பிறக்கும் வாரம்

சாந்திநிகேதனின் கலா பவனில் ஆசிரியர்களின் படைப்புகளைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. அவை விடுதிக்குப் போகும் பாதையிலேயே நிற்கின்றன. டிசம்பர் மேளாவுக்கு முந்திய ஒரு வாரம் அந்தச் சின்ன வளாகத்தில் கழியும் விதம்.

நாட்டின் மற்றக் கல்லூரிகள் திங்கட்கிழமைக் காலையில் சோம்பல் முறிக்கும்போது இங்கே வாரம் பாதி கடந்திருக்கும். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில், போல்பூர் ரயில் நிலையத்துக்கு அடுத்த சாந்திநிகேதனில் வாரம் பிறப்பது வியாழக்கிழமை. நவம்பர் கடைசியில் அந்தக் காலைக்குப் பனிமூட்டம் உண்டு. சால்வையைப் போர்த்திக்கொண்டு, சைக்கிள் கைப்பிடியில் துணிப்பையை மாட்டியபடி மாணவர்கள் ஒவ்வொருவராகக் கலா பவன் பக்கம் திரும்புகிறார்கள். பையில் வரைபுத்தகம், கரித்துண்டு, சில சமயம் காகிதத்தில் பொதிந்த பொரி.

இந்த வியாழக்கிழமைக் கணக்குக்குக் காரணம் ரவீந்திரநாத் தாகூரின் தந்தை மகரிஷி தேவேந்திரநாத். 1863இல் இந்தப் பொட்டல் நிலத்தைப் பெற்று, தியானத்துக்கென ஓர் இல்லம் அமைத்தவர் அவர். பிரம்ம சமாஜ மரபில் வழிபாட்டு நாள் புதன். மகன் 1901இல் இங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1921இல் அது விஸ்வபாரதி ஆயிற்று. 1951இல் மத்தியப் பல்கலைக்கழகமும் ஆயிற்று. துணைவேந்தர்கள் மாறினார்கள், சட்டங்கள் மாறின. புதன்கிழமை விடுமுறை மட்டும் மாறவில்லை.

விஸ்வபாரதி என்ற பெரிய குடும்பத்துக்குள் 1919இல் பிறந்த கலா பவன் ஒரு தனிக் குடித்தனம். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, வடிவமைப்பு, கலை வரலாறு என்று துறைகள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கச் சில நிமிடங்கள் போதும். அஸ்ஸாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள், வங்கதேசத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் ஒரே மரத்தடியில்தான் டீ குடிக்கிறார்கள். வந்த புதிதில் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர்கள் சில மாதங்களிலேயே வங்காளத்தில் பேரம் பேசப் பழகிவிடுகிறார்கள்.

இந்த வாரத்தில் எல்லோர் பேச்சும் ஒன்றைப் பற்றித்தான். டிசம்பர் 1, 2 தேதிகளில் நடக்கும் நந்தன் மேளா.

கலா பவனைத் தலைமையேற்று வளர்த்தவர் நந்தலால் போஸ். இங்கே அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. 'மாஸ்டர்மோஷாய்' என்பதே வழக்கம். அவர் பிறந்த நாள் டிசம்பர் 3. அதை ஒட்டி 1973இல் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து இந்தச் சந்தையைத் தொடங்கினார்கள். நோக்கம் விழாக் கொண்டாட்டம் மட்டுமல்ல. மருத்துவ அவசரத்திலோ பணக் கஷ்டத்திலோ மாட்டிக்கொள்ளும் மாணவருக்குக் கைகொடுக்க ஒரு நிதி வேண்டும். அந்த நிதியைக் கையால் செய்த பொருளை விற்றுச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஏற்பாடு அதேதான்.

எனவே வியாழக்கிழமை முதல் வகுப்பும் மேளா வேலையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அச்சுக்கலைக் கூடத்தில் மரப்பலகையைச் செதுக்கி, மை தடவி, காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்கிறார்கள். ஈரம் காயக் கயிற்றில் தொங்கும் தாள்களுக்கு அடியில் குனிந்துதான் உள்ளே போக முடிகிறது. வடிவமைப்புத் துறையில் பாத்திக் துணிக்கு மெழுகு உருகுகிறது. மட்பாண்டச் சூளைக்குப் போக வேண்டிய கோப்பைகள் வரிசையாக வெயில் காய்கின்றன. ஆசிரியர்களும் சும்மா இருப்பதில்லை. வெளியே பெரிய விலைக்குப் போகும் கை இங்கே வாழ்த்து அட்டை வரைகிறது, அதுவும் சில ரூபாய்க்கு விற்பதற்காக.

பாதையோரத்துப் பாடம்

வெள்ளிக்கிழமை சிற்பத் துறையின் பக்கம். வெளியே மரங்களுக்கு நடுவில் ஒரு குடும்பம் நடந்துபோகிறது. தோளில் காவடித் தண்டு போட்ட தந்தை, தலையில் சுமையுடன் தாய், கூடையில் குழந்தை, கூடவே ஒரு நாய். ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த 'சந்தால் குடும்பம்' இது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போகும் பழங்குடியினரை ஆளுயரத்துக்கு மேலான உருவத்தில், ராஜா ராணிகளுக்கு உரிய கம்பீரத்தோடு, பொது இடத்தில் நிறுத்திய முதல் முயற்சிகளில் ஒன்று. இந்தியாவின் நவீனச் சிற்பக்கலை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லும் விமர்சகர்கள் பலர்.

அதன் உடம்பு வெண்கலமல்ல. வெண்கலத்துக்கு ராம்கிங்கரிடம் ஏது காசு? பாங்குராவில் எளிய குடும்பத்தில் 1906இல் பிறந்த அவர், சுற்றிலும் இலவசமாகக் கிடைத்த செம்மண் சரளைக் கல்லை சிமெண்டில் கலந்து, கம்பிக் கூட்டின் மேல் வீசி அப்பினார். அந்தச் சொரசொரப்பே அவர் பாணியாயிற்று. சற்றுத் தள்ளி 1956இல் அவர் செய்த 'ஆலைச் சங்கு'. ஊதல் கேட்டதும் அரிசி ஆலைக்கு ஓடும் இரண்டு சந்தால் பெண்கள். கட்டிய சேலை காற்றில் பறக்கிறது. அந்தப் பெண்களை ராம்கிங்கர் தினமும் இந்த ஊர்ப் பாதையில்தான் பார்த்தார்.

அவருடைய தொடக்ககாலச் சிற்பமான 'சுஜாதா'வைக் கண்ட தாகூர், ஆசிரமம் முழுவதையும் சிற்பங்களால் நிரப்பு, ஒன்றை முடித்தபின் திரும்பிப் பார்க்காதே என்று கூறியதாகச் சாந்திநிகேதனில் ஒரு கதை வழங்குகிறது. ராம்கிங்கர் அதை அப்படியே நிறைவேற்றினார். வீட்டுக் கூரை ஒழுகியபோது தன் ஓவியத் துணிகளையே எடுத்துக் கட்டி மழையைத் தடுத்த மனிதர் அவர். ரித்விக் கட்டக் 1975இல் அவரைப் பற்றி எடுக்கத் தொடங்கிய படம் கட்டக்கின் மரணத்தால் முற்றுப்பெறாமல் நின்றது.

இன்று 'சந்தால் குடும்ப'த்தின் மேல் ஒரு கூரை இருக்கிறது. வெயிலும் மழையும் சரளையைத் தின்றுவிடாமல் இருக்க வேறு வழியில்லை. திறந்த வானத்துக்கென்று செய்த சிற்பம் கூரைக்கு அடியில் நிற்கிறதே என்று வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். கூரை இல்லாவிட்டால் வருந்துவதற்குச் சிற்பமே இருக்காது என்பதும் உண்மை. இந்தச் சிக்கல் சிற்பத்தோடு நிற்கவில்லை. சாந்திநிகேதன் முழுவதற்குமே இன்று இதுதான் சிக்கல்.

முதலாண்டு மாணவர்களுக்கு இந்த விவாதமெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் தரையில் உட்கார்ந்து அந்த நாயின் காலை வரைகிறார்கள். நான்கு தடவை அழித்து ஐந்தாம் தடவை வரையும்போதுதான், எலும்பை எங்கே வைத்து எங்கே விட்டுவிட்டார் ராம்கிங்கர் என்பது கைக்குப் பிடிபடுகிறது.

சனிக்கிழமை பாடம் வெளியே. சைக்கிள்கள் கோபாய் ஆற்றுப் பக்கமும், மழை அரித்துச் செந்நிறப் பள்ளங்களாகக் கிடக்கும் 'கோவாய்' நிலத்துக்கும் கிளம்புகின்றன. மாடு, பனைமரம், குளத்தில் பாத்திரம் தேய்க்கும் பெண், தூங்கும் கிழவர் எல்லாம் வரைபுத்தகத்தில் ஏறுகின்றன. போகிற இடமெல்லாம் அட்டையும் பேனாவும் எடுத்துப்போய், கண்ணில் பட்டதை அந்தக்ஷணமே வரைந்துகொண்ட நந்தலால் விட்டுச்சென்ற பழக்கம் இது.

பிற்பகலில் சோனாஜுரி மரங்களுக்கு நடுவே சந்தை. கலா பவனின் பழைய மாணவியான ஷ்யாமலி காஸ்த்கீர், சுற்றுக் கிராமத்தவர்கள் தாங்கள் செய்ததைத் தாங்களே விற்கட்டும் என்று முன்நின்று தொடங்கிவைத்த சனிக்கிழமைச் சந்தை இது. அவர் 2011இல் மறைந்தார். அதற்குள் சந்தை பெருத்து, சனிக்கிழமை என்ற வரம்பையும் தாண்டி, கல்கத்தா கார்கள் நிறுத்த இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. கிராமத்துப் பொருளோடு மொத்த வியாபாரியின் பொருளும் கலந்து கிடக்கிறது. கலா பவன் மாணவர்கள் இங்கே வாங்குவதைவிட வேவு பார்ப்பதே அதிகம். காதணி என்ன விலை, நோட்டுப்புத்தகம் என்ன விலை என்று தெரிந்தால்தானே மேளாவில் விலை வைக்க முடியும்.

வேலியும் திறப்பும்

ஞாயிற்றுக்கிழமை மற்றக் கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும். இங்கே அன்றுதான் ஊரில் கூட்டம் அதிகம். ஹௌராவிலிருந்து இரண்டரை மணி நேர ரயில் பயணத்தில் வந்து இறங்கும் குடும்பங்கள் ரிக்‌ஷாவில் ஏறி, தாகூர் வீடு எங்கே, கண்ணாடிக் கோயில் எங்கே என்று கேட்டுக்கொண்டு சுற்றுகின்றன. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்த பிறகு வந்துபோகிறவர்களின் ஆர்வமும் கூடியிருக்கிறது. கூடத்துக்குள் களிமண் கையோடு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு, வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்கள் பழக்கப்பட்ட காட்சி.

உலகம் முழுவதும் ஒரே கூட்டில் வந்து தங்கும் இடம் என்ற கருத்துள்ள வடமொழி வாசகத்தைக் குறிக்கோளாகக் கொண்ட நிறுவனம் இது. கூட்டுக்குக் கதவு கிடையாது. ஆனால் அதற்கும் விலை கொடுத்தாயிற்று. வியட்நாம் மக்களின் போராட்டத்துக்கு அஞ்சலியாக, இங்கே அச்சுக்கலை கற்பித்த சோம்நாத் ஹோர் 1977இல் ஒரு பெரிய வெண்கலத் தாயும் சேயும் செய்தார். செய்து முடித்த சில நாட்களிலேயே அது கலா பவனிலிருந்து திருடு போயிற்று. கடைசிவரை துப்புக் கிடைக்கவில்லை.

அடுத்த திருட்டு நாட்டையே உலுக்கியது. 2004 மார்ச் 25, வியாழக்கிழமை. புதன்கிழமை விடுமுறை முடிந்து அருங்காட்சியகத்தைத் திறந்தபோது தாகூரின் நோபல் பதக்கத்தையும் வேறு பல பொருள்களையும் காணோம். சி.பி.ஐ. வந்தது, விசாரித்தது, வழக்கை மூடியது. பதக்கம் திரும்பவில்லை, நோபல் அறக்கட்டளை மாற்றுப் பிரதிகளைக் கொடுத்தது. ஆசிரமத்தின் வழிபாட்டு நாளே திருடனுக்கு வசதியாகப் போயிற்று.

அதன் பிறகு விஸ்வபாரதியில் சுவரும் வேலியும் காவலும் கூடின. 2020 ஆகஸ்டில் பௌஷ் மேளா மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கியபோது பெருங்கூட்டம் திரண்டு வந்து வாயிலையே இடித்துத் தள்ளியது. சுவர் வேண்டும் என்றவர்களிடம் நியாயம் இருந்தது. வேண்டாம் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. திறந்திருந்தால் களவு போகிறது, மூடினால் இடத்தின் உயிர் போகிறது என்ற நிலையில் எந்த நிர்வாகத்துக்கும் எளிய வழி கிடையாது.

கலா பவனுக்குள் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. அருமையான படைப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றலாம். ஆனால் தினமும் அதன் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகும் மாணவனுக்கு அது கற்றுக்கொடுத்ததைக் கண்ணாடிப் பெட்டி கற்றுக்கொடுக்குமா? 1934இல் கட்டத் தொடங்கிய 'கறுப்பு வீடு' நல்ல உதாரணம். மண்சுவர், மேலே தார்ப்பூச்சு. சுவர் முழுதும் நந்தலாலும் ராம்கிங்கரும் மாணவர்களும் சேர்ந்து செய்த புடைப்புச் சிற்பங்கள். அது மாணவர் விடுதியாக இருந்தது. சுவரில் யார் கை எது என்று பிரிக்க முடியாதபடி ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக வேலை செய்த வீட்டில் மாணவர்களே தூங்கி எழுந்தார்கள். அரசியல் சட்டத்தின் மூலப் பிரதிக்குச் சித்திரம் தீட்டும் பொறுப்பு நந்தலாலுக்கு வந்தபோதும் அவர் தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டே அதை முடித்தார்.

கண் தெரியாதவரின் சுவர்

திங்கட்கிழமை மதியம் மெஸ்ஸில் சோறு, பருப்பு, கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு, அதிர்ஷ்டம் இருந்தால் மீன். சாப்பிட்டுத் திரும்பும் வழியில் வண்ணப் பீங்கான் ஓடுகள் பதித்த ஒரு சுவர். பினோத்பிஹாரி முகர்ஜியின் வேலை. பிறவியிலேயே பார்வைக் குறைவு உள்ள அவர் 1940களில் இந்தி பவன் சுவரில் பக்திக் காலத்து ஞானியரை வரைந்து புகழ் பெற்றார். 1950களின் பிற்பகுதியில், அறுவை சிகிச்சைக்குப் பின் இருந்த பார்வையும் போயிற்று. அதற்கப்புறமும் அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை விரலால் தடவிக் கத்தரித்து உருவங்களை அமைத்தார். மாணவர்கள் உதவ, 1970களின் தொடக்கத்தில் இந்த ஓட்டுச் சுவரைப் படைத்தார். அவரிடம் 1940களில் மாணவராக இருந்த சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி எடுத்த குறும்படம்தான் 'தி இன்னர் ஐ'.

கொஞ்சம் நடந்தால், கறுப்பும் வெள்ளையுமாக மனிதரும் விலங்கும் சுவர் முழுதும் நெளியும் ஒரு கட்டிடம். தமிழ் வாசகர்களுக்கு இதில் ஓர் உறவு உண்டு. வரைந்தவர் கே.ஜி. சுப்ரமணியன். வட மலபாரின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றார். அத்துடன் அரசுக் கல்லூரிக் கதவுகள் மூடிக்கொண்டன. 1944இல் சாந்திநிகேதனுக்கு ரயிலேறினார். பிற்காலத்தில் பரோடாவில் ஒரு தலைமுறையையே உருவாக்கிவிட்டு 1980இல் பேராசிரியராக இங்கே திரும்பினார். எண்பத்தைந்து வயதை ஒட்டி, சாரத்தின் மேல் ஏறி அந்தச் சுவரைப் புதிதாக வரைந்தார். பொம்மை செய்வதையும் சுவரோவியம் வரைவதையும் ஒரே மதிப்போடு செய்த அவர் 2016இல் காலமானார். கலையில் உயர்ந்தது தாழ்ந்தது என்று பிரிக்காத அந்தப் பார்வைதான் மேளாவிலும் தெரிகிறது. அங்கே ஓவியமும் ஊறுகாய் வைக்கும் சாடியும் ஒரே பலகையில் விற்பனைக்கு நிற்கும்.

செவ்வாய்க்கிழமை இரவு யாருக்கும் தூக்கமில்லை. சூளை எரிந்துகொண்டிருக்கிறது. நூலில் கோத்த நோட்டுப்புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறார்கள். ஒரு பக்கம் மூங்கில் கட்டுகிறார்கள், மறு பக்கம் கோலத்துக்கு அண்ணனான 'ஆல்பனா'வுக்கு அரிசி மாவு கரைக்கிறார்கள். சீனியர்கள் ஜூனியர்களை வேலை வாங்குகிறார்கள். ஜூனியர்கள் முணுமுணுத்தபடி டீ வாங்கப் போகிறார்கள். சூளையைத் திறந்ததும் விரிசல் விட்ட கோப்பைகள் தனியே வைக்கப்படுகின்றன. அவற்றை எறிவதில்லை. விலை குறைத்து அவையும் கடைக்குப் போகும்.

புதன்கிழமை காலை எல்லாம் அடங்குகிறது. 1891இல் திறக்கப்பட்ட உபாசனை மந்திரத்தின் வண்ணக் கண்ணாடிகளில் வெயில் படுகிறது. உருவமோ சிலையோ இல்லாத அந்தக் கூடத்தில் வெள்ளை உடுத்தியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தாகூரின் பாடல், உபநிடத வாசகம், கொஞ்சம் மௌனம். எல்லா மாணவரும் போவதில்லை. இரவு முழுதும் விழித்தவர்கள் விடுதியில் போர்வைக்குள் கிடக்கிறார்கள், சிலர் துணி துவைக்கிறார்கள், சிலர் வீட்டுக்குப் போன் பேசுகிறார்கள். பூவும் மணமுமாக ஐப்பசி முழுதும் மயக்கிய ஏழிலைப்பாலை மரங்கள் இப்போது ஓய்ந்து நிற்கின்றன. இந்த மரத்தின் இலையைத்தான் பட்டமளிப்பு விழாவில் மாணவர் கையில் கொடுப்பார்கள்.

டிசம்பர் 1 வியாழனில் வரும் ஆண்டில் கணக்கு இன்னும் கச்சிதம். விடுமுறை முடிந்த மறுநாளே மேளா. பழைய மாணவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள். கல்கத்தாவிலிருந்து ஓவியம் சேகரிப்பவர்கள் வந்து, நல்லதை முதலில் பிடித்துவிட வேண்டும் என்று நெருக்குகிறார்கள். காலண்டருக்கு எப்போதும் கிராக்கி. ஒரு கடையில் ஆசிரியர் ஒருவர் சில்லறை எண்ணிக் கொடுக்கிறார். பக்கத்துக் கடையில் அவருடைய மாணவர் பலகாரம் விற்கிறார். மாலையில் பாட்டும் நாடகமும். இரண்டாம் நாள் இரவு கடைசிப் பொருள் வரை கூவி விற்றுவிட்டு, மறுநாள் மாஸ்டர்மோஷாயின் பிறந்த நாளை நினைவுகூர்கிறார்கள்.

சேர்கிற பணம் யாரையும் பணக்காரர் ஆக்கிவிடாது. நள்ளிரவில் காய்ச்சல் கண்டு போல்பூர் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய மாணவருக்கோ, அப்பாவின் விளைச்சல் பொய்த்து வீட்டிலிருந்து பணம் வராத மாணவிக்கோ அந்த நிதி இருக்கிறது என்ற தைரியம் போதும். உலகப் பாரம்பரியம் என்று யுனெஸ்கோ எழுதிவைத்ததில் கட்டிடமும் சிற்பமும் சுவரும் அடக்கம். அவற்றுக்குக் கூரை போடலாம், வேலி கட்டலாம். உடன்படிப்பவனுக்காக இரவு கண்விழித்துக் கோப்பை செய்யும் பழக்கத்தை வேலி கட்டிக் காக்க முடியாது. அதை ஒவ்வொரு நவம்பரிலும் புதிதாக வரும் மாணவர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

இதுவரை காப்பாற்றியிருக்கிறார்கள். மேளா முடிந்த மறுவாரம், வழக்கம்போல வியாழக்கிழமை, முதலாண்டு மாணவர்கள் அந்த நாயின் காலை மறுபடி வரைய உட்காருகிறார்கள்.